எந்தப் பற்றில் எழுதுவது?

கடை நடத்தும் அன்பர்களுக்கு ஒரு கேள்வி. பேரேட்டில் ஒரு தொகையை எழுத உட்கார்ந்து, அதை எந்தப் பற்றில் எழுதுவது என்று விளங்காமல் பேனாவை மூடி வைத்த அனுபவம் உங்களில் யாருக்காவது உண்டா? என் கடை வாழ்வில் இப்பொழுதுதான் முதன்முதலாக அது நேர்ந்தது. தொகையில் சந்தேகமில்லை. கொடுப்பவனும் வாங்குபவனும் எனக்கு நன்கு தெரிந்தவர்கள். கொடுப்பது கடனா, தர்மமா என்பதுதான் விளங்கவில்லை.

விஷயம் இதுதான். என் தங்கை மகன் ஜெலுத்தோங்கில் உள்ள என் மளிகைக் கடையில் வேலை பார்க்கிறான். ஞாயிறு மாலையில் பழைய பள்ளித் தோழர்களுடன் திடலுக்குப் போய் சாப்ட்பால் ஆடுவான். நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் ஆடிப் பழகுகிற ஆட்டம் அது. அமெரிக்கர்களின் பேஸ்பாலுக்குத் தம்பி முறை. ஆடாதவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மட்டையால் பந்தை அடித்தவன் மூன்று மூலைகளைச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும். அங்கே தரையோடு பதித்த வெள்ளைத் தட்டு ஒன்று இருக்கும். அகலம் 17 அங்குலம். அதை மிதித்துவிட்டால் ஒரு ஓட்டம். தட்டின் அருகில் எதிர்க் கட்சியின் கேட்சர் நிற்பான். தட்டை மிதிக்குமுன் அவன் பந்தைப் பிடித்து ஓடி வருபவன்மேல் தொட்டுவிட்டால் ஆள் அவுட். ஓடுகிறவனும் பந்தும் ஒரே நேரத்தில், ஒரே இடத்துக்கு வந்து சேருகிற ஆட்டம் அது. தகராறெல்லாம் அந்த 17 அங்குலத்தில்தான்.

அன்றைய ஆட்டத்தில் கேட்சராக நின்றவன் என் மருமகனின் தோழன். சந்தைப் பக்கம் சொந்தமாக ரொட்டிக் கடை வைத்திருக்கிற பையன். கடைசி ஆட்டம், இரு கட்சியும் சமம். மருமகன் மூன்றாவது மூலையிலிருந்து ஓடி வருகிறான். பந்து இன்னும் வந்து சேரவில்லை. அதற்குள் கேட்சர் ஓரடி முன்னே வந்து பாதையை மறித்து நின்றுவிட்டான். பந்து அவன் கையில் விழவும், மருமகன் தோளைத் தாழ்த்தி அவன்மேல் மோதவும் சரியாக இருந்தது. பந்து தெறித்தது. ஓட்டம் கிடைத்தது. ஜெயித்துவிட்டார்கள். கேட்சர் எழுந்திருக்கவில்லை. கழுத்தெலும்பு முறிந்திருந்தது.

ரொட்டி வீசுகிறவனுக்குத் தோள்தான் முதல். மாவை உருட்டுவது ஒரு கையால் முடிந்தாலும் முடியலாம். வீசுவது இரண்டு தோளும் சேர்ந்து செய்கிற வேலை. ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வாரத்தில் ஆறு நாள் கடை. 36 நாளைக்கு வேறொரு ரொட்டி மாஸ்டரை வைக்க வேண்டும். நாளொன்றுக்கு 70 வெள்ளி. மொத்தம் 2,520 வெள்ளி. கணக்கு இவ்வளவு எளிது. இதற்குமேல்தான் சிக்கல்.

மறுநாள் மருமகன் கடைக்கு வந்தவுடன், “மாமு, என் சம்பளத்தில் மாதா மாதம் கொஞ்சம் பிடித்து அவனுக்குக் கொடுத்துவிடுங்கள்” என்றான். நல்ல பிள்ளை என்று மனம் மகிழ்ந்து பேரேட்டை எடுத்தேன். “சதக்கா என்று எழுதிக்கொள்ளுங்கள்” என்றான் அடுத்தபடியாக. பேனா நின்றுவிட்டது.

“ஏன் சதக்கா?” என்றேன்.

“நான் ஒரு சட்டத்தையும் மீறவில்லையே மாமு. ஆட்டத்துக்கு முன் பேசிக்கொண்ட விதிகளில் மோதக் கூடாது என்று ஒன்றும் இல்லை. அம்பயராக நின்றவரும் ஓட்டம் செல்லும் என்றுதான் சொன்னார். அமெரிக்காவில் பெரிய ஆட்டக்காரர்களே இப்படி மோதுவார்கள். அவன் கஷ்டப்படுகிறான், அதனால் கொடுக்கிறேன்.”

அவன் சொன்னதில் பொய் இல்லை. சாயங்காலம் வழக்கம்போல் டீ குடிக்க வந்த நம் வியாபாரிகள் மூவரிடம் இதைச் சொன்னேன். ஒருவர், விளையாட்டில் பட்ட அடிக்குக் கணக்கா என்று சிரித்தார். இன்னொருவர், திடலில் இறங்கியவன் அடிபடச் சம்மதித்துத்தான் இறங்குகிறான் என்றார். மூன்றாமவர் வாயைத் திறக்கவில்லை. அவர் மகனும் அந்தக் கூட்டத்தில் ஆடுகிறவன்.

சம்மதம் என்ற அந்த வாதம் என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. ஏனெனில் அதில் பாதி உண்மை இருக்கிறது. சடுகுடு ஆடுகிறவன் பிடிபடவும் இழுபடவும் சம்மதித்துத்தான் கோட்டைத் தாண்டுகிறான். பிடித்து அமுக்குவதே அந்த ஆட்டம். அதை எடுத்துவிட்டால் சடுகுடு இல்லை. தட்டை மிதிக்க ஓடுகிற ஆட்டத்தில் அப்படியா? மோதல் இல்லாவிட்டால் அந்த ஆட்டத்தில் என்ன குறைந்துவிடும்? அடிப்பதும் ஓடுவதும் எறிவதும் பிடிப்பதும் அப்படியே இருக்கும். பிடித்த பந்தை உடம்பால் இடித்துத் தட்டிவிடுகிற தந்திரம் ஒன்றுதான் போகும். மேலும் ஒன்று பாருங்கள். கேட்சரின் கண் பந்தின்மேல் இருக்கிறது. பக்கவாட்டிலிருந்து வருகிறவனை அவன் பார்ப்பதில்லை. பார்த்தால் பந்தைப் பிடிக்க முடியாது. பார்க்காத அடிக்கு ஒருவன் எப்படிச் சம்மதித்தவனாவான்?

அமெரிக்காவில் மோதுவார்கள் என்று மருமகன் சொன்னானே, அது என்ன கதை என்று தேடிப் பார்த்தேன். நூறு வருடத்துக்கு மேலாகப் பேஸ்பாலில் அது வழக்கமாகத்தான் இருந்திருக்கிறது. மிகவும் பேர்போன மோதல் 1970 ஜூலை 14 அன்று சின்சினாட்டி நகரில் நடந்தது. இரண்டு லீக்குகளின் சிறந்த ஆட்டக்காரர்களை எதிரெதிராக இறக்கி வருடத்துக்கு ஒருமுறை நடத்துகிற காட்சி ஆட்டம். ஜெயித்தாலும் தோற்றாலும் எந்தப் பட்டியலிலும் புள்ளி ஏறாது. 12ஆவது சுற்றில் பீட் ரோஸ் என்பவர் ஓடிவந்து, ரே பாஸி என்ற 23 வயதுக் கேட்சர்மேல் மோதி, வெற்றி ஓட்டத்தை எடுத்தார். பாஸியின் தோளெலும்பு முறிந்திருந்தது அப்போது தெரியவில்லை. அடுத்த வருடம் எடுத்த படத்தில்தான் தெரிய வந்தது. அதற்குள் முறிந்த தோளோடேயே ஆடியிருக்கிறார். பிறகும் பல வருடம் ஆடினார். ஆனால் பழைய அடி திரும்பவில்லை. அவர் வழியை மறித்து நின்றார், நான் ஜெயிக்க ஓடினேன் என்பதே கடைசிவரை ரோஸின் நியாயம். என் மருமகன் சொல்லுவதும் அதுதான்.

அன்று விதியை யாரும் மாற்றவில்லை. 41 வருடம் கழித்து, 2011 மே 25 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பஸ்டர் போஸி என்ற கேட்சர்மேல் ஸ்காட் கசின்ஸ் என்பவர் மோதினார். அங்கேயும் 12ஆவது சுற்று, அங்கேயும் வெற்றி ஓட்டம். போஸிக்குக் கால் எலும்பு முறிந்து கணுக்கால் நரம்புகளும் கிழிந்தன. அந்த வருடம் முழுவதும் ஆடவில்லை. கசின்ஸ் விதியை மீறியவரல்ல. ஆனால் அவரைக் கொன்றுவிடுவதாக மிரட்டல்கள் வந்தன. சட்டம் அனுமதித்ததைச் செய்தவனைச் சனங்கள் தூற்றுகிறார்கள். அனுமதித்த சட்டத்தை எழுதியவர்களை யாரும் கேட்கவில்லை. இதைப் படித்தபோது கசின்ஸ்மேல் எனக்கு இரக்கமே உண்டாயிற்று.

2014ஆம் ஆண்டு ஆட்டம் தொடங்குமுன் புது விதி வந்தது. நான் நினைத்தது, “மோதக் கூடாது” என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்கள் என்று. அப்படி இல்லை. கடமை இரண்டு பேருக்கும் வைத்திருக்கிறார்கள். ஓடுகிறவன் தட்டுக்குப் போகும் நேர்ப்பாதையை விட்டு விலகிக் கேட்சரைத் தேடிப் போய் இடிக்கக் கூடாது. கேட்சர் கையில் பந்து இல்லாமல் அந்தப் பாதையை மறித்து நிற்கக் கூடாது. முன்னவன் மீறினால் அவன் அவுட். பின்னவன் மீறினால் ஓட்டம் செல்லும்.

பினாங்கில் கடை வைத்திருக்கும் நமக்கு இது புதிதா? நம் கடைவீதிகளின் அஞ்சடியை நினைத்துக்கொள்ளுங்கள். அது கடைக்காரன் கட்டியது. ஆனாலும் நடக்கிறவனுடைய வழி. நாம் என்ன செய்கிறோம்? அரிசி மூட்டையையும் வெங்காயக் கூடையையும் அங்கே பரப்பிவிடுகிறோம். அவசரமாகப் போகிறவன் கூடையைக் காலால் தள்ளிவிட்டு நடந்தால், “பார்த்துப் போகக் கூடாதா?” என்று சத்தம் போடுகிறோம். அவன் தள்ளியது தப்பு. நாம் வைத்ததும் தப்பு. அவன் தப்பைச் சொல்லி நம் தப்பைக் கழிக்க முடியாது. நம் தப்பைச் சொல்லி அவன் தப்பையும் கழிக்க முடியாது. சிங்கப்பூரில் 1888இல் இந்த அஞ்சடியைக் காலி செய்யச் சொன்னதற்குக் கலகமே நடந்தது. கடைகளை அடைத்துக் கல்லெறிந்தார்கள். எல்லாம் ஐந்தடி வழிக்காக.

அமெரிக்காக் கதை நமக்குத் தூரம் என்று நினைக்கிறவர்களுக்குக் காற்பந்தைச் சொல்லலாம். ஜெலுத்தோங்கில் பேஸ்பால் தெரியாதவர் உண்டு, காற்பந்து தெரியாதவர் இல்லை. இன்று கோல்கீப்பர்மேல் இலேசாக உரசினாலே ஊதல் கேட்கிறது. 1950களில் அப்படியில்லை. பந்தைக் கையில் வைத்திருக்கும் கோல்கீப்பரைத் தோளால் இடிக்க அன்று விதியே இடங்கொடுத்தது. 1957ஆம் ஆண்டு இங்கிலாந்துக் கோப்பை இறுதியாட்டம் தொடங்கிய ஆறாவது நிமிஷத்தில் ஆஸ்டன் வில்லாவின் பீட்டர் மக்பார்லண்ட், மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் ரே உட்மேல் மோதினார். உட்டின் கன்னத்தெலும்பு உடைந்தது. மாற்று ஆளை இறக்க அக்காலத்தில் வழியில்லை. ஜாக்கி பிளாஞ்ச்பிளவர் என்ற தடுப்பாட்டக்காரர் கையுறை மாட்டிக்கொண்டு கோலில் நின்றார். வில்லா 2–1 என்று ஜெயித்தது. அந்த இரண்டு கோலையும் போட்டவர் யார்? அதே மக்பார்லண்ட்தான்.

அடுத்த வருடமே இன்னொன்று. 1958 பிப்ரவரியில் மியூனிக் விமான விபத்தில் எட்டு ஆட்டக்காரர்களைப் பறிகொடுத்த அதே யுனைடெட் எப்படியோ மீண்டும் இறுதியாட்டத்துக்கு வந்து சேர்ந்தது. எரிகிற விமானத்திலிருந்து மற்றவர்களை இழுத்து வெளியேற்றிய ஹாரி கிரெக்தான் கோல்கீப்பர். பந்தைப் பிடித்த அவரை போல்ட்டனின் நாட் லாப்ட்ஹவுஸ் முதுகில் இடித்து, ஆளோடும் பந்தோடும் கோட்டுக்குள் தள்ளினார். நடுவர் கோல் கொடுத்தார். ஆட்டம் 2–0. லாப்ட்ஹவுஸ் கண்ணியமான மனிதர் என்று பெயரெடுத்தவர். தாம் செய்தது தவறான மோதல்தான் என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். கோப்பையை யாரும் திரும்பக் கேட்கவில்லை. அதே 1958இல்தான் நம் பினாங்கு மலாயாக் கோப்பையை ஜெயித்தது என்பதை இங்கே சந்தோஷத்துக்காகச் சொல்லிவைக்கிறேன்.

நிற்க. எல்லா மோதலிலும் குற்றவாளியைத் தேட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கடலுக்கு அப்பால் கிழக்கு ஜாவாவில், 2017 அக்டோபர் 15 அன்று பெர்சேலா லாமோங்கான் குழுவின் கோல்கீப்பர் கோய்ருல் ஹூடா பந்துக்காகப் பாய்ந்தபோது, தம் கட்சிக்காரர் ஒருவரோடேயே மோதி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயும் பிழைக்கவில்லை. வயது 38. இருவரும் பந்தைப் பார்த்து ஓடினார்கள். எவரும் எவரையும் குறிவைக்கவில்லை. அதை விபத்து என்று சொல்லலாம், கண்ணீர் விடலாம், வேறு சொல்ல ஒன்றுமில்லை. என் மருமகனுடைய மோதல் அந்த வகையா என்று அவனிடமே கேட்டேன். தோளைத் தாழ்த்தினாயே, அது எதற்கு? வேகமாக வருகிறவன் நிற்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோளைத் தாழ்த்துவது நிற்க முடியாதவன் செய்வதல்ல. இடிக்கத் தயாராகிறவன் செய்வது. அவன் பதில் சொல்லாமல் சீனி மூட்டையை அளக்கப் போய்விட்டான்.

அவனுக்கு நான் சொல்லாத ஒரு செய்தியும் இருந்தது. இதையெல்லாம் தேடும்போது சாப்ட்பால் விதிகளையும் பார்த்தேன். பந்தைக் கையில் வைத்திருப்பவன்மேல் நின்றபடியே ஓடி இடித்தால் ஓடியவன் அவுட் என்று அதில் முன்பே இருக்கிறது! கேட்சர் கையில் பந்து இல்லாமல் வழி மறிப்பதும் குற்றம் என்று அதிலேயே இருக்கிறது. பெரியவர்கள் பொழுதுபோக்காக ஆடுகிற சில சங்கங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டாவது தட்டு ஒன்று வைக்கிறார்கள். கேட்சருக்கு ஒரு தட்டு, ஓடிவருபவனுக்குத் தனியாக ஒரு தட்டு. இருவரும் சந்திக்க வேண்டிய அவசியமே இல்லை. சம்பளத்துக்கு ஆடுகிறவர்களுக்கு முன்பே, திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் ஆட்டத்தைப் பள்ளியில் கற்றார்கள். விதிப் புத்தகத்தைப் புரட்டவில்லை. விதி இல்லை என்று அவன் சொன்னது, விதி அவனுக்குத் தெரியாது என்பதுதான்.

ஆனாலும் நான் அதைச் சொல்லவில்லை. காரணம் உண்டு. சொல்லியிருந்தால், “அப்படியா, தப்புத்தான்” என்று உடனே ஒப்புக்கொள்வான். அது புத்தகத்துக்குப் பயந்து ஒப்புக்கொள்வது. புத்தகத்தில் இல்லாத ஒன்று நாளை வந்தால்? நம் வியாபாரத்திலும் இதைப் பார்க்கிறோம். சரக்கில் உள்ள குறையை வாங்குபவன் கேட்கவில்லை, ஆகவே நான் சொல்லவில்லை என்று ஒருவன் சொல்லும்போது, சட்டத்தில் அவனைப் பிடிப்பது கஷ்டம். ஆனால் அடுத்த முறை அவன் கடைக்கு யார் போகிறார்கள்?

நம் மார்க்கச் சட்ட நூல்களில் ஒரு நுட்பம் உண்டு, படித்தவர்கள் அறிவார்கள். வேண்டுமென்று செய்யாத காயத்துக்கும், கை தவறி நேர்ந்த உயிர்ச்சேதத்துக்கும்கூட ஈடு வைத்திருக்கிறார்கள். மனதில் கெடுதல் இல்லை என்பது தண்டனையைக் குறைக்கிறது, ஈட்டை அழிப்பதில்லை. பாவமா இல்லையா என்பது ஒரு கணக்கு, நஷ்டம் யார் தலையில் என்பது வேறு கணக்கு. என் மருமகன் இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதப் பார்த்தான். தான் பாவம் செய்யவில்லை, ஆகவே தரவேண்டியது ஒன்றுமில்லை, ஆகவே தருவது தர்மம் என்று.

இதில் உறுத்துகிற இடம் ஒன்றிருக்கிறது. சதக்கா என்று கொடுத்தால் கொடுத்தவன் கை மேலே இருக்கும். வாங்குகிறவன், சொந்தக் கடை வைத்து யாரிடமும் கை நீட்டாதவன், தோழன் தந்த தர்மத்தை வாங்கியவனாகிறான். எலும்பையும் முறித்துவிட்டு, அவனைத் தர்மம் வாங்குகிறவனாகவும் ஆக்குவதா?

மூன்றாம் நாள் அந்தப் பையனைப் பார்க்கப் போனேன். தோளில் கட்டோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தான். கூலிக்கு வந்த மாஸ்டர் வீசிய ரொட்டி கொஞ்சம் தடிப்பு. அவன் தகப்பனார் எழுந்து வந்து, “நானா, பிள்ளைகள் விளையாட்டில் நடந்ததுக்குப் பணமா? வேண்டாம்” என்றார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. அப்பொழுது பையன் குறுக்கிட்டு, “பந்து வருமுன் நான் குறுக்கே நின்றது உண்மைதான் மாமு. முழுவதும் அவன் மேல் போட முடியாது” என்றான்.

பாதி தீர்ப்பு அங்கேயே வந்துவிட்டது. 2,520இல் பாதி 1,260. அதை நான்கு மாதத்தில், மாதம் 315 வெள்ளியாகத் தருவது என்று பேசினோம். தகப்பனார் அரை மனதோடு சம்மதித்தார். பாதியாகப் பிரித்தது சரியா என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை. வழி மறித்தவன் உடம்பால் விலை கொடுத்துவிட்டான். இடித்தவனுக்கு ஒரு கீறலும் இல்லை. இரு பக்கத் தப்பும் சமம் என்று வைத்தால்கூட வலி சமமாகப் பங்காகவில்லையே. இதை நம் சங்கத்துப் பெரியவர்கள் யோசித்துச் சொல்லட்டும்.

பேரேட்டில் மருமகன் பெயரில் ஒரு பக்கம் திறந்து, தொகையையும் தேதியையும் எழுதி, தலைப்பை எழுதாமல் விட்டுவைத்தேன். முதல் மாதம் 315 பிடித்தேன். ஒன்றும் பேசவில்லை. அந்த மாதத்தில் ஒருநாள் அவர்கள் மறுபடியும் ஆடப் போனபோது, பழைய பலகை ஒன்றை வெட்டி வெள்ளை அடித்து எடுத்துக்கொண்டு போனான். எதற்கு என்று கேட்டேன். இரண்டாவது தட்டு என்றான். அவனும் எங்கேயோ படித்திருக்கிறான்.

இரண்டாம் மாதச் சம்பளத்தன்று கல்லாவுக்கு எதிரில் வந்து நின்றான். பணத்தை எண்ணிக் கொடுத்தேன். 315 குறைவாக இருப்பதைப் பார்த்தான், சட்டைப் பையில் வைத்தான். போகவில்லை.

“இன்னும் பாக்கி எவ்வளவு மாமு?” என்றான.

“630 வெள்ளி” என்றேன். அவன் போன பிறகு பேரேட்டை எடுத்து, இரண்டு மாதமாக வெறுமையாக இருந்த தலைப்பை எழுதினேன்.